மூர் மார்க்கெட்டும் தைத்துக் கட்டிய தொடர்கதைகளும்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், அன்றைய மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூரின் பெயரைத் தாங்கியது. இந்திய வளைவுகளையும் ஐரோப்பியக் கட்டுமான முறையையும் இணைக்கும் இந்தோ-சாரசெனிக் பாணியில் எழுந்த செந்நிறக் கட்டடம் அது. பலவகைப் பண்டங்களுக்கான பொதுச் சந்தையாகத் தொடங்கிய அவ்விடம் தமிழ் வாசகரின் நினைவில் பழைய புத்தகங்களின் இடமாகவே தங்கிவிட்டதென்றால், நூலகங்கள் வாங்காமல் விட்டதும் பதிப்பகங்கள் மறுபடி அச்சிடாததும் அங்கே கைக்கு எட்டியதே அதற்குக் காரணம்.

வீடு மாறுவோரும், படித்த பெரியவர் மறைந்தபின் அலமாரியை ஒழிப்போரும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட கட்டுகளிலிருந்து, விலைபோகும் என்று தோன்றியவற்றைப் பிரித்தெடுத்துச் சேர்ப்பதே இவ்வணிகத்தின் அடிப்படை. இப்படி வந்தவற்றுள் தமிழுக்கே உரிய செல்வம் என்று சொல்லத்தக்கவை, வாசகர்கள் தாமே தொகுத்த தொடர்கதைகள். 'கல்கி', 'ஆனந்த விகடன்' முதலிய வார இதழ்களில் வந்த தொடரின் பக்கங்களை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து, அட்டை போட்டு வைப்பது பல குடும்பங்களில் வழக்கமாக இருந்தது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தொடருக்கு மணியம் வரைந்த ஓவியங்களையும், 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குக் கோபுலு வரைந்தவற்றையும் அவை முதலில் அச்சான அளவிலும் இடத்திலும் காண இத்தகைய தொகுப்புகளே உதவின. கதைப் பக்கத்தின் மறுபுறத்தில் தப்பிவந்த விளம்பரமும் துணுக்கும், முதல் தாளில் மையால் எழுதிய உரிமையாளர் பெயரும், ஓரத்தில் யாரோ இட்ட பென்சில் கோடும், ஒரு காலத்தின் வாசிப்பையே முழுதாகக் கண்முன் நிறுத்துகின்றன. புதிய பதிப்பு எவ்வளவு திருத்தமாக இருப்பினும் இந்த இன்பத்தைத் தர இயலாது.

மலிவான தாளில் அச்சிட்டுக் கடைத்தெருவில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களான குஜிலி நூல்களின் கதையும் இதுவே. கொலைச் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு என அன்றைய செய்தியைப் பாடிய அவற்றைப் புலவர் உலகம் இலக்கியமாக மதிக்கவில்லை. இன்றோ அவை சமூக வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகள். பண்டிதரின் மதிப்பீட்டைவிடப் பழைய புத்தக வணிகரின் கை இவ்விஷயத்தில் தாராளமாக இருந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா, இத்தகைய கடைகளில் தேடித் தேடிச் சேர்த்தவற்றைத் தம் வீட்டிலேயே காத்துவந்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்க, அது 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக உருப்பெற்றது.

மூர் மார்க்கெட் 1985ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் தீக்கிரையானது. அந்த நிலத்தில் இன்று புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்தில் கடைகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. எரிந்த தாள்களுக்குப் பட்டியல் எதுவும் இல்லை. ஆகவே, தைத்துக் கட்டிய பழைய தொடர்கதையோ பாட்டுப் புத்தகமோ வீட்டுப் பரணில் கிடக்குமானால், அதை எடைக்குப் போடுமுன் ஓர் ஆய்வு நூலகத்துக்கு ஒருமுறை காட்டிவிட வேண்டும்.