மடி கட்டிய ஒட்டகம்

கறவை வாங்கச் செல்பவர் முதலில் பார்ப்பது மடியைத்தான். நாளொன்றுக்கு அது எவ்வளவு பால் தரும் என்பதை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். அறியாதவருக்குக் கிடைக்கும் ஒரே அடையாளம் கனத்துத் தொங்கும் மடி. அரபு நாட்டுச் சந்தைகளில் அந்த அடையாளத்தையே பொய்யாக்கும் தந்திரம் ஒன்று வழங்கிவந்தது. ஒட்டகத்தையோ ஆட்டையோ விற்பதற்கு முன் அதன் காம்புகளைக் கட்டி, சில நாட்கள் கறக்காமல் விட்டுவிடுவர். மடி புடைத்து நிற்கும். இதற்குத் ‘தஸ்ரியா’ என்று பெயர்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இதனைத் தடுத்தார்கள். தடுத்ததோடு நின்றுவிடவில்லை என்பதே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ள தீர்ப்பின்படி, வாங்கியவர் கறந்து பார்த்தபின் விரும்பினால் விலங்கை வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் ஒரு ஸாவு அளவு பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதற்கு மூன்று நாள் தவணை என்று சில அறிவிப்புகள் கூறுகின்றன.

1970இல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப், பழைய மோட்டார் கார்ச் சந்தையை எடுத்துக்காட்டி ஓர் உண்மையை விளக்கினார். நல்ல காரையும் கெட்ட காரையும் வாங்குபவரால் பிரித்தறிய இயலாதபோது இரண்டுக்கும் ஒரே சராசரி விலைதான் கிடைக்கும். அவ்விலைக்குக் கொடுக்க மனமில்லாத நல்ல கார்க்காரர் சந்தையைவிட்டே விலகுவார். ஆக, ஏமாற்றுக்காரனால் கெடுபவர் வாங்குபவர் மட்டுமல்லர், நேர்மையாக விற்பவரும்தான். அடையாளம் நம்பத்தக்கதாக வேண்டுமானால், அதைப் போலியாகக் காட்டுவது தரமற்றவனுக்குக் கூடுதல் செலவு வைக்க வேண்டும் என்று 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் எழுதினார். இவ்விருவரும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மதீனாவுக்குத் திரும்புவோம். காம்பைக் கட்டுவதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. ஆகவே புடைத்த மடி எளிதாகப் பொய் சொல்லிற்று. திருப்பிக் கொடுக்கும் உரிமை வந்தபின்னரோ, அந்தப் பொய் விற்றவன் வாசலுக்கே திரும்பிவரும். மெய்யாகவே பால் தரும் ஒட்டகத்தை விற்றவருக்கு இதில் அச்சமில்லை.

சரி, பேரீச்சம்பழம் எதற்கு? விற்ற நேரத்தில் மடியிலிருந்த பால் விற்றவருடையது. பின்னர் சுரந்தது வாங்கியவருடையது. இரண்டும் கலந்துவிட்டன, எவருடையது எவ்வளவு என்று அளப்பார் இல்லை. வழக்கு வளராதிருக்கவே ஈடு நிலையாக வரையறுக்கப்பட்டது என்பது ஷாஃபியீ அறிஞர்களின் விளக்கம்.

நம்மிடையே ஹனஃபீ மத்ஹபினரும் உள்ளனர். ஆதலால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பாலுக்கு ஈடு பாலோ அதன் விலையோ ஆகலாமேயன்றிப் பேரீச்சம்பழம் எவ்வாறு ஈடாகும் என்று வினவி, இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வழிவந்தோர் இந்தத் திருப்பும் உரிமையை ஏற்கவில்லை. அந்த இமாமோ கூஃபா நகரில் பட்டுத்துணி வணிகர். குறையுள்ள துணியொன்றை, குறையைச் சொல்லியே விற்குமாறு கூட்டாளியிடம் கூறியிருந்தார். கூட்டாளி சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அதில் வந்த பணம் முழுவதையும் இமாம் அவர்கள் தருமம் செய்துவிட்டார்கள் என்று அவர்தம் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர்.