பந்தியும் பொதுக்கிண்ணமும்: அரிக்கமேட்டிலிருந்து கொரிந்துவரை

திருமறையில் வரும் உணவுச் சொற்களை நாம் பெரும்பாலும் உவமைகளாகவே கொண்டு விளக்கிவிடுகிறோம். அப்பம் என்றவுடன் வசனத்தையும், திராட்சரசம் என்றவுடன் இரத்தத்தையும் நினைக்கப் பழகிய நாம், அவை முதலில் பசித்த மனிதர் உண்ட உணவு என்பதை மறந்துவிடுகிறோம். புதிய ஏற்பாட்டு மாந்தர் எதை உண்டனர், எவ்வாறு உண்டனர், யாருடன் உண்டனர் என்னும் வினாக்கள் வரலாற்று ஆசிரியருக்கு மட்டும் உரியவை அல்ல. திருவிருந்தை நடத்தும் ஆயருக்கும் உரியவையே. இவ்வினாக்களுக்கு விடை தேடத் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. புதுவையின் சிற்றூர்ப்புறத்திலிருந்தே தொடங்கலாம்.

வில்லியனூர் வழியாக வரும் செஞ்சியாறு கடலை அடையுமுன் கிளைகளாகப் பிரிகிறது. அவற்றுள் ஒன்றாகிய அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்கு அண்மையில், அரிக்கமேடு அமைந்துள்ளது. 1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கு அகழாய்வு செய்தார். 1947 முதல் 1950 வரை கசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவினரும் அப்பணியைத் தொடர்ந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரேயக் கடற்பயணக் குறிப்பு’ இக்கடற்கரையில் பொதுகே என்றொரு துறைமுகத்தைக் குறிப்பிடுகின்றது. அது அரிக்கமேடே என்பது அறிஞர் பலரின் கருத்து.

இங்குக் கிடைத்த பொருள்களுள் நம் ஆய்வுக்கு முதன்மையானவை, இரு கைப்பிடிகளையுடைய உயரமான மண்சாடிகளின் உடைந்த துண்டுகள். அவற்றை ஆராய்ந்த எலிசபெத் வில், அவற்றுள் மிகுதியானவை கோஸ் தீவின் வகையைச் சேர்ந்த திராட்சமதுச் சாடிகள் என்று கண்டார். ஒலிவ எண்ணெய்ச் சாடிகளும், உப்பிட்டு நொதிக்கவைத்த மீன்சாற்றுச் சாடிகளும் உடன் கிடைத்தன. மதுவைத் தமிழரும் விரும்பி வாங்கினர். யவனர் நற்கலங்களில் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகியதைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் குறிக்கின்றது. ஆனால் ஒலிவ எண்ணெயும் மீன்சாறும் நம்மவர் சமையலில் இடம்பெற்றதாகத் தெரியவில்லை. அவை, தம் நாட்டு உணவை மறவாத மேற்றிசை வணிகர்க்கென வந்தவை எனக் கொள்வதே பொருத்தம்.

அவ்வணிகரின் தாயகத்து உணவு எத்தகையது? கிரேக்கர் தம் உணவை இரண்டாகப் பகுத்தனர். வாற்கோதுமைக் களியும் கோதுமை அப்பமும் ‘சிட்டோஸ்’. அதனுடன் தொட்டுக்கொள்ளும் மீன், காய், பாலாடைக்கட்டி முதலியன ‘ஒப்சோன்’. சோறும் வெஞ்சனமும் என நாம் பகுப்பதுபோன்றதே இது. யோவான் 6:9இல் சிறுவன் வைத்திருந்த மீன்களைக் குறிக்கும் ‘ஒப்சாரியோன்’ என்ற சொல் இதினின்றும் பிறந்தது. அச்சிறுவனிடம் இருந்தது விருந்தன்று. ஏழையின் வாற்கோதுமை அப்பமும், அதற்குத் தொட்டுக்கொள்ளச் சிறிது வெஞ்சனமுமே. அதைத்தான் ஆண்டவர் கையிலேந்தி நன்றி செலுத்தினார்.

தயிரைப்பற்றி அவர்கள் கொண்டிருந்த எண்ணம் நமக்கு வியப்பளிக்கும். பாலை அப்படியே குடிப்பதும் வெண்ணெய் உண்பதும் நாகரிகமற்ற அயலாரின் வழக்கம் என்று பண்டைக் கிரேக்கர் கருதினர். புளித்த பாலை ‘ஒக்சிகலா’ என்று அவர்கள் அறிந்திருந்தும், அது அவர்கள் பந்தியில் உயர்ந்த இடம் பெறவில்லை. எபிரேயரோ அவ்வாறு எண்ணவில்லை. ஆதியாகமம் 18:8இல் ஆபிரகாம் விருந்தினர்முன் வைத்ததை நம் பழைய மொழிபெயர்ப்பு வெண்ணெய் என்கிறது. ஆயினும் ‘ஹெம்ஆ’ என்ற எபிரேயச் சொல் கட்டித்தயிரையும் குறிக்கும். தலைவி தன் விரல்களால் தயிரைப் பிசைந்து கணவனுக்குச் சமைத்ததைக் குறுந்தொகையின் 167ஆம் பாடல் காட்டுவதை அறிந்த தமிழ் வாசகருக்கு ஆபிரகாமின் கூடாரம் அந்நியமாகத் தோன்றாது.

காலம் இதனையும் மாற்றியது. இன்று கிரேக்க உணவு என்றவுடன் உலகோர் நினைப்பது ‘சட்சிகி’ என்னும் தயிர்த் தொடுகறியையே. தயிரைத் துணியில் கட்டி நீர் வடித்து, துருவிப் பிழிந்த வெள்ளரிக்காய், நசுக்கிய பூண்டு, உப்பு, ஒலிவ எண்ணெய், சிறிது காடி ஆகியவற்றைக் கலந்து அதனை ஆக்குவர். கடுகு தாளித்த நம் வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடிக்கு இது உடன்பிறப்பு எனலாம். அதன் பெயரோ ‘ஜாஜிக்’ என்னும் துருக்கிச் சொல்லினின்றும் வந்தது. முன்னோர் அயலாரின் உணவென்று ஒதுக்கியது, பின்னோர்க்குத் தம் நாட்டின் அடையாளமாயிற்று. உணவின் எல்லைகள் இறைவன் வகுத்தவை அல்ல. மனிதர் வகுத்து மனிதரே மாற்றுபவை.

இத்தொடுகறி பந்தியின் நடுவே வைக்கப்படும். பலரும் அப்பத்தைப் பிட்டு ஒரே கிண்ணத்தில் தோய்த்து உண்பர். மாற்கு 14:20இல் ஆண்டவர் குறிப்பிடும் பாத்திரமும் இத்தகைய பொதுக்கிண்ணமே. நம் நாட்டில் ஒவ்வொருவர்க்கும் தனி இலை உண்டு; ஒருவர் கை பட்ட கலத்தில் மற்றவர் கையிடுவது எச்சில். ஆகவே தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர் அவ்வசனத்தை வாசிக்கையில், யூதாஸின் துரோகத்தை மட்டுமன்று, அவனோடு ஒரே கலத்தில் கையிட்ட ஆண்டவரின் தாழ்மையையும் அதில் காணக் கடமைப்பட்டவர்.

இனி கொரிந்துவுக்கு வருவோம். கிரேக்கரின் முதன்மையான உணவு மாலையில் உண்ணும் ‘தெய்ப்னோன்’. வசதியுள்ளோர் சாய்வணைகளில் சாய்ந்து உண்பர்; பின்னர்த் தெய்வங்களுக்கு மது வார்த்து, நீர் கலந்த மதுவுடன் உரையாடியிருப்பர். உரோமர் வழக்கப்படி அமைந்த உணவறையில் மூன்று சாய்வணைகளில் ஒன்பது பேர் இடம்பெறுவர். எஞ்சியோர் முற்றத்தில் அமரவேண்டும். இடம் வேறுபட்டதுபோல உணவும் வேறுபட்டது. தன் நண்பர்க்கு உயர்ந்த மதுவும், தாழ்ந்தோர்க்கு மட்டமான மதுவும் வழங்கிய ஒருவனை இளைய பிளினி தம் கடிதமொன்றில் கண்டித்துள்ளார்.

பவுல் 1 கொரிந்தியர் 11:20இல் ஆளும் சொல்லும் இந்தத் தெய்ப்னோனே. செல்வர் முந்தி உண்டு வெறித்திருக்க, உழைத்துக் களைத்து வந்தோர் பசித்திருந்தனர். சபை உலக வழக்கத்தை அப்படியே கர்த்தருடைய பந்திக்குள் கொண்டுவந்தது. அதனால் அது கர்த்தருடைய பந்தியாக இராமற்போயிற்று என்பதே பவுலின் தீர்ப்பு. 33ஆம் வசனத்தில் அவர் கூறும் ‘எக்தெக்கெஸ்தே’ என்னும் சொல்லுக்குக் காத்திருங்கள் என்பது மட்டுமன்றி, ஒருவரையொருவர் விருந்தினராக ஏற்றுக்கொள்ளுங்கள் என்றும் பொருள்கொள்வர்.

கொரிந்துவைக் குறைகூறும் தகுதி நமக்கு உண்டோ? 1745இல் புதுவைக் கத்தோலிக்கக் கோவிலில் சாதிக் கிறிஸ்தவரைத் தலித் மக்களினின்றும் பிரித்த சுவர் இடிக்கப்பட்டதையும், அதனால் எழுந்த பூசலையும் ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு பதிவுசெய்துள்ளது. சீர்திருத்தச் சபையாரும் இதில் மேன்மைபாராட்ட முடியாது. தரங்கம்பாடி, தஞ்சை, வேப்பேரி ஆகிய சபைகளில் சாதிப்படி இருக்கைகள் அமைந்தன. 1833இல் பேராயர் தானியேல் வில்சன் இதனை முற்றும் கைவிடுமாறு ஆணையிட்டபோது பலர் சபையைவிட்டு விலகினர். 1850இல் சென்னை அருட்பணியாளர் மாநாடு, தலித் மக்கள் சமைத்த உணவை உண்ண முன்வருவதையே சாதியைத் துறந்ததற்குச் சான்றாகக் கேட்டது. லைப்சிக் மிஷனார் இக்கட்டாயத்தை ஏற்கவில்லை. பொறுமையான போதனையே வழி என்றனர். உணவு மனச்சான்றின் சோதனைக் கருவியாதல் தகாது என்ற அவர்கள் கருத்தில் உண்மை உண்டு. ஆனால் அப்பொறுமையின் விலையைக் கொடுத்தவர்கள் பந்திக்கு வெளியே நின்றவர்களே என்பதையும் மறுக்கவியலாது.

அரிக்கமேட்டின் ஓடுகள் இங்கு எது உண்ணப்பட்டது என்று கூறும்; யார் யாருடன் அமர்ந்து உண்டனர் என்று கூறா. அதே நூற்றாண்டில், அதே பொதுக் கிரேக்கத்தில் எழுதப்பட்ட பவுலின் கடிதமோ அதனையே தலையாய வினாவாக்குகிறது. நம் சபைகளின் அசன விருந்துகளில் யார் சமைக்கின்றனர், யார் முதற்பந்தியில் அமர்கின்றனர், யார் இலை எடுக்கின்றனர் என்று ஆயர் கவனிப்பாராக. பீடத்தில் ஒரே பாத்திரத்தில் பருகிவிட்டு, சமையற்கட்டில் பிரிந்து நிற்கும் சபை, கொரிந்துவின் முற்றத்தை இன்னும் கடக்கவில்லை.