அஞ்சறைப் பெட்டி மருத்துவம்: பயன்களும் எல்லைகளும்

பெங்களூரு வைட்ஃபீல்ட் அருகேயுள்ள சௌக்யா மருத்துவ மையத்தில் பிரிட்டன் மன்னர் மூன்றாம் சார்லஸ் 2024 அக்டோபரில் தங்கிச் சென்றார். இத்தகைய மரபு மருத்துவ முறைகள் கையாளும் பொருள்கள் பலவும் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலேயே உள்ளன.

மஞ்சள்: புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் 1995-ல் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்தியாவின் சிஎஸ்ஐஆர் எதிர்ப்பால் 1997-ல் ரத்தானது. இதிலுள்ள குர்குமின் உடலில் எளிதில் சேராது; மிளகிலுள்ள பைப்பரின் அதனை உடல் ஏற்க உதவுகிறது.

இஞ்சி: குமட்டலைத் தணிக்கும்.

கிராம்பு: இதிலுள்ள யூஜினால் பல்வலியைத் தற்காலிகமாகக் குறைக்கும், சொத்தையைக் குணப்படுத்தாது.

ஓமம்: வயிற்று உப்புசத்துக்கு வழிவழியாக வழங்கப்படும் கைமருந்து.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சமையலில் சேர்க்கும் அளவு பொதுவாகப் பாதுகாப்பானது. ஆனால், செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டுள்ளது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து உட்கொள்வோர், மஞ்சள், இஞ்சி மாத்திரைகளை மருத்துவரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த கஷாயம் கொடுப்பது ஆபத்தானது.

கைமருந்து துணை மட்டுமே. காய்ச்சல் மூன்று நாள்களுக்கு மேல் நீடித்தாலோ, மூச்சுத் திணறல் ஏற்பட்டாலோ உடனே மருத்துவரை அணுக வேண்டும்.