மதுரை வீடுகளும் சுண்ணாம்புக் காரையும்

1636இல் எழுந்து, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால் செப்பனிடப்பட்ட திருமலை நாயக்கர் அரண்மனையின் சுதைவேலையைப் புகழ்வோர், அதே சுண்ணாம்பை நம்பி நின்ற மதுரைத் தெருவீடுகளின் பராமரிப்பை வரலாறாகக் கருதுவதில்லை. கூலிக் கணக்கில் ஏறாத வேலை என்பதே காரணம் போலும். சுட்டு நீற்றிய சுண்ணாம்பை மணலுடன் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் குழைத்த சாந்தாகிய காரையைப் பூசுவது கொத்தனாரின் தொழிலாக இருந்தாலும், பொங்கலுக்கு முன் வெடிப்புகளை அடைத்து வெள்ளையடிப்பதையும், ஐப்பசி மழைக்கு முன் உடைந்த நாட்டோடுகளை மாற்றி அடுக்குவதையும் வீட்டார் பலர் தாமே செய்துகொண்டனர். ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் அச்சுவர்களின்மீது பின்னாளில் பூசப்பட்ட சிமெண்ட், ஈரத்தை உள்ளேயே அடைத்துவைத்ததால், பூச்சு உப்பிப் பெயர்ந்ததோடு செங்கல்லும் பொரிந்தது.