பழ டின்னும் பால்ய பயமும்: எண்ணச் சுழற்சி நோயின் வேர் எங்கே?

1950களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ், பழ டின்னைத் திறப்பது எப்படி என்று தம் பணியாளர்களுக்கு எழுத்தில் உத்தரவு போட்டிருந்தார். மேல்விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே தொடங்கி, சோப்பு நுரையும் பிரஷுமாகத் தேய்க்க வேண்டும். லேபிளை ஊறவைத்து உரிக்க வேண்டும். ஒட்டியிருக்கும் தூசு தும்பெல்லாம் போகும்வரை திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டும்.

1976இல் ஹியூஸ் இறந்த பின் அவர் மனநிலையை ஆராய்ந்த உளவியலாளர் ரேமண்ட் ஃபௌலர், குழந்தைப் பருவத்தைச் சுட்டினார். மகனுக்குப் போலியோ வந்துவிடுமோ என்று நடுங்கிய தாய், நோய்க்குறி ஏதும் தெரிகிறதா என்று நாள்தோறும் அவன் உடலைச் சோதித்துவந்தார். ஆகவே தாயின் பயமே மகனின் நோய் என்று முடித்துவிடலாமா?

முடியாது. ஹியூஸைப் பிடித்திருந்த, ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயில் மரபணுவின் பங்கு கணிசமானது. இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அறிகுறிகளில் மரபின் பங்கைக் குழந்தைகளிடம் 45 முதல் 65 விழுக்காடு என்றும், பெரியவர்களிடம் 27 முதல் 47 விழுக்காடு என்றும் கணித்தனர். மேலும், பால்யம் பற்றிய ஆய்வுகள் பலவும் நோயுற்ற பெரியவர்களின் நினைவையே நம்பியிருக்கின்றன. அந்த நினைவிலும் நோயின் சாயல் படிந்திருக்கக்கூடும்.

அப்படியானால் பால்யம் செய்வதென்ன? 1978இல் ஸ்டான்லி ராக்மனும் இலங்கையில் பிறந்த பத்மால் டி சில்வாவும் வெளியிட்ட ஆய்வில், நோயற்றவர்களிலும் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் தமக்கும் வேண்டாத எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். எண்ணம் பொது, அதற்குத் தரும் பொருள்தான் வேறு. ‘கெடுதல் நடந்தால் பழி என்மேல்தான்’ என்ற மிகையான பொறுப்புணர்வே நோயாளியைப் பிடித்தாட்டுகிறது என்றார் உளவியலாளர் பால் சால்கோவ்ஸ்கிஸ். அவரும் சக ஆய்வாளர்களும் 1999இல் அவ்வுணர்வு உருவாகும் வழிகளை வகுத்தனர்: சிறு வயதிலேயே தோளில் ஏறிய பெரும்பொறுப்பு, இளகாத ஒழுக்க விதிகள், பொறுப்பே தராமல் பொத்திப் பொத்தி வளர்ப்பது, தன்னால்தான் கேடு விளைந்தது என்று எண்ணவைத்த ஒரு நிகழ்வு. கண்டிப்பும் செல்லமும் ஒரே இடத்துக்குக் கொண்டுவிடலாம் என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

ஆனால் நோயை நிலைநிறுத்துவது, பயத்தைச் சமாளிக்கும் முறை. எண்ணத்தை அடக்கினால் அது மேலும் கிளர்ந்தெழும் என்பதை டேனியல் வெக்னரின் 1987ஆம் ஆண்டுச் சோதனை காட்டியது. கழுவுதல், சரிபார்த்தல், பிறரிடம் உறுதி கேட்டல் எல்லாம் தற்காலிக நிம்மதி தந்து பயத்தை வளர்க்கின்றன. ஹியூஸுக்காக டின்னைத் தேய்த்த பணியாளர்களும் அறியாமல் அதையே செய்தார்கள்.

லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் 1966இல் எதிர்வழியைக் காட்டினார். ஓயாமல் கழுவிய பெண்ணைச் செவிலியர் உடனிருக்க அஞ்சிய பொருள்களைத் தொடவைத்து, அறைக்குழாயில் தண்ணீரை நிறுத்தினார். சடங்குகள் வெகுவாகக் குறைந்தன. இன்று முதன்மையாகப் பரிந்துரைக்கப்படும் உளச்சிகிச்சை இதன் வழிவந்ததே.

ஆகவே பால்யத்தை விசாரிப்பது நோயாளியைப் புரிந்துகொள்ள உதவும். பெற்றோரைக் கூண்டில் ஏற்ற உதவாது. சிகிச்சை தொடங்கவேண்டிய இடம், நோயாளியும் குடும்பத்தாரும் இன்று பயத்தைச் சமாளிக்கும் முறைதான்.