பச்சைக் குலை சொல்லும் வரலாறு



வடசிலாங்கூரில் உள்ள எங்கள் தோட்டப் பள்ளிக்கு ஒரு மாணவன் செம்பனைக் காய்கள் சிலவற்றைக் கொண்டு வந்தான். செம்பனையின் இளங்காய் கருஊதா நிறமுடையது என்பது தோட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிந்ததே. அவன் கொண்டுவந்தவையோ பச்சைப் பசேலென்று இருந்தன. “சார், மரத்துக்கு நோயா?” என்று கேட்டான். அக்கேள்விக்கு விடை காணச் சற்றே வரலாற்றைப் புரட்டுவோம்.

செம்பனையின் தாயகம் ஆப்பிரிக்கா. 1848-ஆம் ஆண்டில் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்ராவின் டெலி வட்டாரத்தில் பரவின. ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் சுமத்ரா விதைகளைக் கோலசிலாங்கூருக்குக் கொண்டுவந்தார். முதலில் அழகுக்காக வளர்க்கப்பட்ட மரம், 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் வாணிகப் பயிராயிற்று. நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. மூதாதை மரங்கள் மிகச் சிலவாதலால், அவற்றின் கருங்காயே எங்கும் நிலைத்தது. பச்சைக்காய் அபூர்வமாயிற்று.

ஆப்பிரிக்காவிலோ பச்சைக்காய் மரங்கள் இயற்கையாகவே அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்டு. அதன் காரணத்தை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2014-இல் வெளியிட்டனர். ஆப்பிரிக்க வகைகள் 400-க்கு மேல் ஆராய்ந்ததில், ஒரே மரபணுவில் ஐந்து வெவ்வேறு மாற்றங்கள் தனித்தனியே நேர்ந்திருப்பது தெரிந்தது. கத்தரிக்காய்த் தோலுக்கு ஊதா நிறம் தரும் நிறமி போன்றதொன்று செம்பனைக் காயிலும் உண்டு. அம்மரபணு பழுதுபட்டால் அந்நிறமி உண்டாவதில்லை; பச்சையம் வெளியே தெரிகிறது. ஆகவே இது நோயன்று. பச்சை புதிதாக வந்து சேரவுமில்லை. கருமைதான் வராமற் போயிற்று. தாய், தந்தை மரங்களில் ஒன்றிடமிருந்து இம்மாற்றம் வந்தாலே போதும், காய் பச்சையாகும்.

நேயர்களே, இதில் உழைப்பாளியின் நலனும் அடங்கியுள்ளது. நீண்ட கழியில் கட்டிய அரிவாளுடன் குலை வெட்டுபவர், அண்ணாந்து பார்த்தே பழுத்ததா என்று தீர்மானிக்க வேண்டும். கருங்குலை பழுத்தாலும் மேல்நுனி கறுத்தே இருக்கும். ஆகையால் மரத்தடியில் உதிர்ந்த பழங்களைத் தேடிப் பார்க்கிறார். தவறிக் காயை வெட்டினால் எண்ணெய் குறையும். வெட்டியவர் ஏச்சும் கேட்க நேரிடும். பச்சைக்குலையோ பழுக்கும்போது பளிச்சென்று ஆரஞ்சு நிறமாகிவிடும். கீழே நின்றே அறியலாம்.

அந்த நான்கு கன்றுகளில் ஒன்று பச்சைக்காய் மரமாக இருந்திருந்தால், நம் முன்னோரின் வேலை ஓரளவு எளிதாகியிருக்கும். என் மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: “தம்பி, இது நோயில்லை. இந்தக் காயின் உறவினர் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். நம் ஊருக்கு வரத்தான் தாமதமாகிவிட்டது.”