ஒரே இயக்கம், ஆளுக்கொரு பட்டியல்

2007 வாக்கில் ஆம்பூரில் ஒரு ஷூ அப்பர் யூனிட்டுக்கு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அடித்துத் தரும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒருநாள் காலை ஏழு மணிக்கே அங்கிருந்து போன். "தம்பி, ஜெர்மனி பார்ட்டி பணம் போட்டு ஒன்பது நாள் ஆச்சு. நடுவுல எங்கயோ நிக்குதாம். உங்க சாஃப்ட்வேர்ல ஏதாவது தப்பா?"

தப்பு என் ப்ரோக்ராமில் இல்லை. பார்ட்னர்களில் ஒருவர் பெயர் பிரபாகரன். டாலராக வரும் பணம் வழியில் ஒரு வங்கியின் ஃபில்டரைத் தாண்ட வேண்டும். எழுத்து கொஞ்சம் மாறினாலும் பெயரின் ஒலி ஒத்துப்போனால் நிறுத்திவை என்பதுதான் அந்த ஃபில்டரின் வேலை. நிறுத்திவைத்துவிட்டது. எந்த நாட்டுப் பட்டியலோடு ஒத்துப்போனது என்று கேட்டோம். வங்கி சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, விடுதலைப் புலிகள் "தடைசெய்யப்பட்ட இயக்கம்" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோமே, யார் தடைசெய்தது, எப்போது? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இன்னும் முடியவில்லை.

வேலூர்க்காரனுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 1995 ஆகஸ்டில் நம் கோட்டைக்குள் இருந்த சிறப்பு முகாமிலிருந்து புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். ராஜீவ் கொலை வழக்கில் தண்டனை பெற்றவர்கள் பல வருடம் இருந்தது தொரப்பாடி சிறையில். எனக்குத் தெரிந்த புலிகள் கதை இவ்வளவுதான், ஊர்க்கதை. உலகக்கதை வேறு மாதிரி போகிறது.

வரிசையைப் பாருங்கள். இலங்கை 1978லேயே பெயர் சொல்லித் தடைச்சட்டம் போட்டது. இந்தியா அதற்கு அப்புறம்தான் பயிற்சியே கொடுத்தது. சேலம் கொளத்தூர்ப் பக்கம் முகாம் இருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். 1992 மே 14ல் இந்தியத் தடை வந்தது. ஒரு நாட்டுக்குப் பயங்கரவாதியாக இருந்தவன் இன்னொரு நாட்டுக்கு விருந்தாளி; பத்துப் பதினைந்து வருடத்தில் அந்த இன்னொரு நாட்டுக்கும் பயங்கரவாதி.

அமெரிக்கா 1997 அக்டோபரில் தன் முதல் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலை வெளியிட்டபோது அதில் புலிகளும் இருந்தார்கள். தலதா மாளிகை குண்டுவெடிப்புக்குப் பிறகு, 1998 ஜனவரியில், இலங்கை மறுபடி தடை போட்டது. ஆமாம், அமெரிக்கத் தடை வந்தபோது இலங்கையில் தடை இல்லை! 1987 ஒப்பந்தத்தை ஒட்டி நீக்கியிருந்தார்கள். பிரிட்டன் 2001ல் சேர்த்தது. இதற்கெல்லாம் ஊர் ஊராகப் போய் வாதாடியவர் லக்ஷ்மன் கதிர்காமர், இலங்கை வெளியுறவு அமைச்சர். அவரும் தமிழர். ஆனால் லண்டன் தடைக்குப் பிறகும் புலிகளின் முதன்மைப் பேச்சாளர் ஆன்டன் பாலசிங்கத்தின் வீடு லண்டனிலேயேதான் இருந்தது. பிரிட்டிஷ் குடிமகன் வேறு.

ஐக்கிய நாடுகள் சபைப் பட்டியலில் இருந்திருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. பாதுகாப்புச் சபையின் அந்தப் பட்டியல் அல்-காய்தா, தாலிபான் வகையறாவுக்கு மட்டும். பயங்கரவாதம் என்றால் என்ன என்று ஐ.நா.வில் இன்றுவரை ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது. அதற்கு ஒரு பொது ஒப்பந்தம் வேண்டும் என்று 1996ல் வரைவு கொடுத்தது இந்தியா. அது இன்னும் வரைவாகவே இருக்கிறது.

இனி எனக்கு முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன்: 2002 முதல் 2006 வரை.

2002 பிப்ரவரியில் நார்வே நடுவில் நின்று போர்நிறுத்த ஒப்பந்தம். தடைசெய்த ஆளோடு எப்படி மேஜையில் உட்காருவது? ரணில் அரசு செப்டம்பர் தொடக்கத்தில் தடையை நீக்கிவிட்டு, அதே மாதம் தாய்லாந்தில் பேச்சை ஆரம்பித்தது. அதாவது, நேரடியாக அடிபட்ட நாடு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. கடல் கடந்த அமெரிக்கா எடுக்கவில்லை. இதன் விலை 2003 ஏப்ரலில் தெரிந்தது. உதவி நாடுகளின் முன்னோடிக் கூட்டம் வாஷிங்டனில். பட்டியலில் இருப்பவர்களை அமெரிக்க மண்ணுக்குள் விட முடியாதே, அதனால் புலிகளுக்கு அழைப்பு இல்லை. கூட்டத்தை வேறு ஊரில் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. ஒரு வாரத்தில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். ஜூனில் டோக்கியோ மாநாட்டுக்கும் போகவில்லை. அங்கே 450 கோடி டாலர் உதவி அறிவிக்கப்பட்டது, ஒரு தரப்பு நாற்காலி காலி. வாஷிங்டனை ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். சாக்கை எடுத்துக் கையில் கொடுத்தது யார் என்பதும் கேள்விதான்.

2005 ஆகஸ்டில் கதிர்காமர் தன் வீட்டு நீச்சல் குளத்தருகே சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகள் மறுத்தார்கள், ஐரோப்பா நம்பவில்லை. இனி புலிகளின் குழுக்களை வரவேற்பதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்தது. நார்வே ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லை, ஆனாலும் ஒன்றியத்தின் பட்டியலை அப்படியே ஏற்கும் பழக்கம் வைத்திருந்தது. 2006 ஜனவரியில் அதை நிறுத்தி, இனி ஐ.நா. பட்டியல் மட்டும்தான் என்றது. நடுவர் வேலை செய்கிறவன் ஒரு பக்கத்துக்கு முத்திரை குத்த முடியாது என்பது அவர்கள் கணக்கு.

அந்த வருட ஏப்ரலில் கனடா சேர்த்தது. முந்தைய லிபரல் அரசு செய்யாததை, ஆட்சிக்கு வந்த சில வாரத்தில் ஹார்ப்பர் அரசு செய்தது. அதே ஏப்ரலில் கொழும்பு ராணுவத் தலைமையகத்தில் சரத் பொன்சேகா மீது தற்கொலைத் தாக்குதல். மே 11ல் எழுநூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்களோடு வந்த கப்பலின் காவல் படகுகள் மீது கடற்புலிகள் தாக்கினார்கள். அந்தக் கப்பலில் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு ஆளும் இருந்தார். மே 29ல் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது.

இங்கேதான் சிக்கல். கண்காணிப்புக் குழுவில் ஐந்து நாடுகள்: நார்வே, ஐஸ்லாந்து, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து. கடைசி மூன்றும் ஒன்றியத்தில் இருப்பவை. எங்களைப் பயங்கரவாதி என்று சொன்ன நாட்டுக்காரன் எப்படி நடுநிலை என்று புலிகள் கேட்டார்கள், வெளியேறச் சொல்லிக் கெடு வைத்தார்கள். குழுவில் பாதிக்கு மேல் ஆட்கள் போனார்கள். குழுத் தலைவர் உல்ஃப் ஹென்ரிக்சன், ஸ்வீடன் ராணுவ அதிகாரி, அவரும் கிளம்ப வேண்டியதாயிற்று. இந்தத் தடை தவறு என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். தன் ஆளே கப்பலில் சாகப் பார்த்தும் அப்படிச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். தடை வந்து இரண்டு மாதத்தில் மாவிலாறு. பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

தடைதான் போரைக் கொண்டுவந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு பக்கமும் ஏற்கெனவே தயாராகிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் எண்ணிப் பார்க்க இருந்த கண்கள் பாதிக்கு மேல் குறைந்தது தடையால்.

இதையெல்லாம் ஒருமுறை வாணியம்பாடி நண்பர் ஒருவரிடம் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். தோல் மண்டி வைத்திருப்பவர், பாய் என்றுதான் கூப்பிடுவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பட்டியல்ல இருக்கறது, இல்லாதது எல்லாம் உங்களுக்கு ராஜதந்திரம். ரெண்டு மணி நேரத்துல வீட்டை விட்டுப் போன்னு சொல்லப்பட்டவனுக்கு அது என்னங்க?" 1990 அக்டோபர் 30, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள். அதே வருட ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூறு பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வெளியேற்றத்துக்கு 2002ல் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார், பன்னிரண்டு வருடம் கழித்து. அந்த 1990ல் உலகத்தின் எந்தப் பெரிய நாட்டுப் பட்டியலிலும் புலிகள் இல்லை. பாய்க்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. முத்திரை குத்தும் தேதிக்கும் செய்த காரியத்தின் தேதிக்கும் சம்பந்தமே இல்லை என்பதை நான் அன்றுதான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

2009 மேயில் இயக்கமே முடிந்தது, பட்டியல்கள் முடியவில்லை. 2014 அக்டோபரில் லக்சம்பர்க்கில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் புலிகள் மீதான ஒன்றியத்தின் நடவடிக்கைகளை ரத்துசெய்தது. காரணம் சுவாரசியம்: பத்திரிகைச் செய்திகளையும் இணையத்தில் கிடைத்ததையும் வைத்துப் பட்டியலை நீட்டிக்கொண்டே போக முடியாது என்றது. இந்தியத் தடையையும் ஒன்றியம் ஆதாரமாகக் காட்டியிருந்தது. வேறு நாட்டு முடிவை எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த நாட்டில் குற்றம்சாட்டப்பட்டவனுக்குத் தன் தரப்பைச் சொல்ல உரிமை இருந்ததா என்று பார்த்தீர்களா என்று கேட்டது நீதிமன்றம். நம் டெல்லி உத்தரவுக்கு லக்சம்பர்க்கில் ஒரு கோட் ரிவ்யூ! நடைமுறைக் குறைதான், புலிகள் நல்லவர்கள் என்ற தீர்ப்பு இல்லை. 2017 ஜூலை 26ல் மேல்நீதிமன்றமும் ரத்தை உறுதிசெய்தது. அதே நாளில் ஹமாஸ் வழக்கில் எதிர்ப்பக்கமாகத் தீர்ப்பு. இடையில் ஒன்றியம் புதிய உத்தரவுகள் போட்டுவிட்டிருந்ததால் பெயர் பட்டியலிலேயே இருந்தது. சுவிட்சர்லாந்து எப்போதுமே சேர்க்கவில்லை. மலேசியா, இயக்கம் ஒழிந்து ஐந்து வருடம் கழித்து 2014ல் சேர்த்தது.

இந்தியா 2024 மேயில் இன்னும் ஐந்து வருடத்துக்கு நீட்டியிருக்கிறது.

ஆம்பூர்ப் பணம் பன்னிரண்டாம் நாள் வந்தது. பார்ட்னரின் பிறந்த தேதி, பாஸ்போர்ட் நகல், அப்பா பெயர் எல்லாம் அனுப்பிய பிறகு. அதற்கப்புறம் என் ப்ரோக்ராமில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன்: அவர் பெயர் வரும் ஒவ்வொரு இன்வாய்ஸோடும் அந்த நகல்களும் தானாகவே சேர்ந்து பிரிண்ட் ஆகும். 2009க்குப் பிறகு அதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும் தம்பி" என்றார்கள். இன்னும் பிரிண்ட் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது.